இரண்டாவது மைக்

வெளிநாட்டுக்காரரோ டில்லிக்காரரோ திருச்சிக்கு வந்து ஆங்கிலத்தில் பேசினால் மேடையில் இரண்டு மைக் வைப்பார்கள். முதல் மைக்கில் பேசுகிறவருக்கு மாலை, சால்வை, மறுநாள் பேப்பரில் படம். இரண்டாவது மைக்கில் நின்று அதைத் தமிழில் சொல்கிறவருக்கு ஒரு கலர் சோடா. ஐம்பதுகளில் அந்த இரண்டாவது மைக்கின் முன்னால் வழக்கமாக நின்றவர் அற்புதசாமி. பாலக்கரையில் குடியிருந்தார். நகரத்தில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். அவருடைய அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கலாசியாக இரும்பு தூக்கி மகனை பி.ஏ. வரை படிக்க வைத்தவர்.

மேடை மொழிபெயர்ப்புக்கு நம் ஊரில் ஒரு மரபு உண்டு. பேசுகிறவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். மொழிபெயர்ப்பவர் அதை நான்கு வாக்கியமாக்கி, இடையில் கொஞ்சம் அடுக்குமொழி தூவி, கைதட்டல் வாங்கிக்கொண்டு ஒதுங்குவார். ஒருமுறை வடக்கேயிருந்து வந்த மந்திரி ஒருவர் உர உற்பத்திக் கணக்கைப் படித்துக்கொண்டிருந்தபோது மொழிபெயர்ப்பைக் கேட்டுக் கூட்டத்தில் விசில் பறந்தது. மந்திரி வேட்டி அவிழ்ந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்துக்கொண்டார் என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அற்புதசாமிக்கு அந்த வித்தை பிடிக்காது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாக்கியம். கோபமாகச் சொன்னால் கோபமாகச் சொல்வார். மழுப்பினால் அந்த மழுப்பலையும் சிதறாமல் கொண்டுவந்து சேர்ப்பார்.

"மாஸ்டர் பேச்சுல உப்பே இல்லைங்க" என்று பாலக்கரைக் கடைக்காரர்கள் அவரைச் சீண்டுவார்கள்.

"உப்புப் போட வேண்டியது சமைக்கிறவர். நான் பந்தியில பரிமாற வந்தவன். நடுவழியில நானே உப்புப் போட்டா நீங்க யார் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுறீங்க?" என்பார்.

அவரை மேடையேற்றியது உலக நட்புறவுச் சங்கம். அதன் தலைவர் ரெங்கநாதன் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் இருந்த பெரிய வக்கீல். செயலாளர் பிலோமின்ராஜ் கல்லூரியில் சரித்திரப் பேராசிரியர். தென்னாப்பிரிக்காவில் நிறவெறிச் சட்டம் வந்தால் இந்தச் சங்கம் கண்டனத் தீர்மானம் போடும். சூயஸ் கால்வாயில் குண்டு விழுந்தால் தீர்மானம் போடும். போட்ட தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் சபைக்குத் தந்தியாக அனுப்பும். இதை நான் கேலி செய்யவில்லை. கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்கத்தான் வேண்டும். உலகத்தின் மூலையில் ஒருவனை மிதித்தால் காவிரிக்கரையில் ஒருவனுக்கு வலிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சியும்.

ரெங்கநாதன் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்றைச் சொல்லாமல் உட்காரமாட்டார். "சர்வதேச அரசியலில் இன்று இல்லாத ஒரே சரக்கு ஒளிவுமறைவற்ற பேச்சு. வல்லரசுகளின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல ஒரு தேசம் வேண்டும். அது நம் பாரத தேசம்." கைதட்டல் எழும்.

பிலோமின்ராஜும் அற்புதசாமியும் கல்லூரியில் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. தனியாக இருக்கும்போது வாடா போடா. நாலு பேர் முன்னால் அற்புதசாமி அவரை "ப்ரொபசர் சார்" என்பார், பிலோமின்ராஜ் இவரை "அற்புதம்" என்பார். இந்த வித்தியாசத்தை இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. ஒருவர் குடும்பம் மேல்சாதி நிலக்காரக் கிறிஸ்தவர்கள். மற்றவர் குடும்பம் சேரியிலிருந்து ஞானஸ்நானம் வாங்கியவர்கள். ஞானஸ்நானத் தண்ணீரில் எது கரைந்தாலும் இது கரைவதில்லை.

1958 தை மாதம் சங்கத்துக்கு ஒரு விருந்தாளி வந்தார். பெயர் சாமுவேல் ஒட்டியெனோ. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பிரிட்டிஷ் காலனியில் ரயில்வே தொழிலாளர் சங்கத் தலைவர். வெள்ளைக்காரன் சிறையில் கிடந்து வந்தவர். இந்தியாவில் நான்கைந்து ஊர்களில் பேசிவிட்டு இலங்கை போகிற வழியில் திருச்சியில் ஒரு பகல் தங்கினார். மாலையில் டவுன் ஹால் மைதானத்தில் பொதுக்கூட்டம். அவருடைய உரையை முன்கூட்டியே அச்சடித்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். நன்றி, நட்பு, சமாதானம் என்று எல்லாம் மங்களகரமாக இருந்தது.

காலையில் பிலோமின்ராஜ் விருந்தாளியை ஊர் சுற்றிக் காட்டினார். அற்புதசாமியும் கூடப் போனார். மலைக்கோட்டை பார்த்தாயிற்று, காவிரிப் பாலம் பார்த்தாயிற்று. விருந்தாளியும் கிறிஸ்தவராயிற்றே என்று பிலோமின்ராஜுக்கு ஓர் ஆசை வந்தது. தன் தகப்பனார் கல்லறையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைப் பளிங்கு, தலைமாட்டில் சிறகு விரித்த சம்மனசு சிலை. அதைப் பார்க்க வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வருவார்கள். அந்தப் பளிங்கைத் தாண்டிப் பத்தடியில் ஒரு சுவர் இருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரியவில்லை. அந்தப் புத்திசாலி மனிதர் செய்த தவறு அவ்வளவுதான்.

"அது என்ன சுவர்?" என்று ஒட்டியெனோ கேட்டார்.

"பழைய ஏற்பாடு" என்றார் பிலோமின்ராஜ்.

"எதற்கு?"

பிலோமின்ராஜ் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். விருந்தாளி அற்புதசாமி பக்கம் திரும்பினார். "உங்கள் தகப்பனார் எங்கே இருக்கிறார்?"

"அந்தப் பக்கம்" என்றார் அற்புதசாமி. கேட்ட கேள்விக்கு ஒரு பதில். 

ஒட்டியெனோ சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அங்கே பளிங்கு இல்லை. மண்மேடுகள், மரச்சிலுவைகள், நடுவே மேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆடு. தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மதியம் ஸ்ரீரங்கத்தில் ரெங்கநாதன் வீட்டில் விருந்து. விருந்து அவர் வீட்டில் நடந்தது, சமையல் அவர் வீட்டில் நடக்கவில்லை. டவுனிலிருந்து ஓட்டல் சாப்பாடு எடுப்புக் கேரியரில் வந்தது. வாசலறையில், வக்கீல் கட்சிக்காரர்களைப் பார்க்கும் மேஜையில், இலை போட்டார்கள். ரெங்கநாதன் நின்றுகொண்டே உபசரித்தார். "பிரதர், இன்னும் கொஞ்சம் பாயசம்" என்று ஆங்கிலத்தில் வற்புறுத்தினார்.

"நீங்கள் எங்களோடு உட்காருங்கள்" என்றார் விருந்தாளி.

"எனக்கு இன்று உபவாசம்" என்றார் ரெங்கநாதன். உள்ளேயிருந்து அப்பளம் பொரிகிற வாசனை வந்தது.

கூட்டத்துக்குப் புறப்படுமுன் ஒட்டியெனோ அச்சடித்த உரையை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டார். "நான் இதைப் படிக்கப் போவதில்லை. பார்த்ததைச் சொல்லப் போகிறேன்" என்று அற்புதசாமியிடம் சொன்னார். "நான் இன்றிரவே போய்விடுவேன். நீங்கள் இந்த ஊரில் இருக்க வேண்டியவர். உங்களால் முடியாது என்றால் இப்போதே சொல்லுங்கள், வேறு ஆளைக் கேட்கிறேன்."

அற்புதசாமி நேரே பிலோமின்ராஜிடம் போனார். தாழ்வாரத்தில் இருவர் மட்டும்.

"டேய், அவரு செவுத்தப் பத்திப் பேசப் போறாராம். சாப்பாட்டப் பத்தியும். நான் மொழிபெயர்க்கவா, விலகிக்கவா? இப்பவே சொல்லிடு."

பிலோமின்ராஜ் யோசித்தார். பிறகு சிரித்தார். "சொல்லட்டுமேப்பா. தென்னாப்பிரிக்காக்காரன் முகத்துக்கு நேரா சொல்லணும்னு தீர்மானம் போட்டவங்க நாம. நம்மளச் சொன்னா பொறுக்காதா?"

"எனக்கு வேலை போகும்டா. எங்க தாளாளரு உங்க வக்கீலோட சிநேகிதரு."

"நான் இருக்கேன்ல. எவனாவது கேட்டா, அவரு சொன்னதத்தான் இவன் சொன்னான்னு மைக்ல ஏறிச் சொல்றேன். போதுமா?"

போதும் என்று அற்புதசாமி நினைத்தார். இந்த வாக்குறுதியைக் கேட்ட சாட்சி யாரும் கிடையாது. ஆனால் பிலோமின்ராஜ் இன்றுவரை இதை மறுத்ததில்லை. நானே அவரிடம் கேட்டேன். "ஆமா, சொன்னேன்" என்றார்.

மைதானத்தில் முன்வரிசைகளில் நாற்காலிகள். வக்கீல்கள், டாக்டர்கள், கல்லூரி ஆசிரியர்கள், ரயில்வே அதிகாரிகள். ஆங்கிலத்தில் கனவு காண்கிறவர்கள். பின்னால் பொன்மலைத் தொழிலாளர்களும் பாலக்கரை வியாபாரிகளும் நின்றார்கள்.

ஒட்டியெனோ பேசினார். வாக்கியம் வாக்கியமாக அற்புதசாமி தமிழில் சொன்னார்.

"என் நாட்டில் வெள்ளைக்காரர் ஏறும் ரயில் பெட்டியில் நான் ஏற முடியாது. இந்த அநியாயத்தை உங்கள் நாடு ஐக்கிய நாடுகள் சபையில் கண்டித்தது. நன்றி சொல்ல வந்தேன்."

கைதட்டல்.

"நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இன்று காலை இந்த ஊரில் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஒரே கடவுளைக் கும்பிட்டவர்களின் பிணங்களுக்கு நடுவே ஒரு சுவரைப் பார்த்தேன்."

கைதட்டல் இல்லை.

"எங்கள் ஊரிலும் அப்படி ஒரு சுவர் உண்டு. ஆனால் அதைக் கட்டியவர்கள் எங்களைச் சகோதரர்கள் என்று சொல்லிக்கொள்வதில்லை. மதியம் ஒரு பெரிய மனிதர் என்னைச் சகோதரரே என்று அழைத்துச் சாப்பாடு போட்டார். என்னோடு உட்கார்ந்து சாப்பிட அவரால் முடியவில்லை. என் ஊரில் ஓர் இந்தியக் கடைக்காரர் இருக்கிறார். என்னைக் கடைக்குள் விடமாட்டார், ஜன்னல் வழியாகச் சாமான் கொடுப்பார். இவரும் வெள்ளைக்காரனிடம் உதை வாங்குகிறவர்தானே, பிறகு ஏன் இப்படி என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. இன்று விளங்கியது. அடுத்த முறை தென்னாப்பிரிக்காவுக்குக் கண்டனத் தந்தி அடிக்கும்போது அதில் ஒரு பிரதியை உங்கள் முகவரிக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மாஸ்டர், இது அந்தாளு சொல்றதா, நீ சேத்து வுடுறதா?"

இன்னொரு குரல்: "செவுத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுதானப்பா. கெடச்ச மைக்க விடுவானா?"

சிரிப்பு. சிரித்தவர்கள் ஆங்கிலம் தெரியாதவர்கள். அவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவர்களுக்குத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது. முன்வரிசையைப் பார்த்தார்கள். முன்வரிசை எதிரே இருந்த பூத்தொட்டியைப் பார்த்தது.

ரெங்கநாதன் எழுந்து முதல் மைக்கைப் பிடித்தார். "மகாஜனங்கள் மன்னிக்க வேண்டும். நம் விருந்தாளி பண்பாளர். இப்படியெல்லாம் பேசக்கூடியவர் அல்ல. அவருடைய அச்சடித்த உரை பத்திரிகைக்காரர்கள் கையில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பாளர் தம்முடைய சொந்த மனத்தாங்கலை விருந்தாளியின் வாயில் ஏற்றிவிட்டார்."

ஒட்டியெனோவுக்குத் தமிழ் தெரியாது. அற்புதசாமியைப் பார்த்து, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

தன்னைப் பொய்யன் என்று சொன்னதை, ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாக்கியமாக, அற்புதசாமி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னார். அவருக்கு வேறுவிதமாகச் செய்யத் தெரியாது.

ஒட்டியெனோ மைக்கின் முன்னால் போய் நின்று ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "இவர் நான் சொன்னதைத்தான் சொன்னார். ஒரு சொல் கூடுதலாகச் சொல்லவில்லை. உங்களில் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு அது தெரியும்."

தெரிந்தது. ஒலிபெருக்கியில் தெளிவாகவே விழுந்தது. ஆனால் ஆங்கிலம் தெரியாத ஆயிரம் பேருக்கு இதை யார் சொல்வது? அற்புதசாமி வாயைத் திறந்தார்.

"தனக்குத் தானே சாட்சியா, மாஸ்டர்?" என்று கூவினான் ஒருவன். கூட்டம் மறுபடி சிரித்தது.

அற்புதசாமி இரண்டாவது மைக்கைவிட்டு விலகி நின்றார். "ப்ரொபசர் சார், நான் சொன்னா நம்பமாட்டாங்க. இந்த ஒண்ண மட்டும் நீங்க சொல்லுங்க."

பிலோமின்ராஜ் எழுந்து வந்தார். சட்டைக் கையைச் சரி செய்துகொண்டார். மைக்கைத் தன் உயரத்துக்கு ஏற்றினார். 

"விருந்தினர் நம் எல்லோருடைய உபசரிப்புக்கும் தம் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறார்" என்றார் பிலோமின்ராஜ். "தேசிய கீதத்துடன் கூட்டம் இனிதே முடிவடைகிறது."

தேசிய கீதம் தொடங்கிவிட்டால் யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது. பிலோமின்ராஜ் சரித்திரப் பேராசிரியர். எப்போது எதைத் தொடங்க வேண்டும் என்று அறிந்தவர். எல்லோரும் விறைப்பாக நின்றார்கள். அற்புதசாமியும் நின்றார். பாட்டு முடிந்ததும் கூட்டம் கலைந்தது.

"உங்கள் நண்பர் என்ன சொன்னார்?" என்று ஒட்டியெனோ கேட்டார்.

"நீங்கள் நன்றி சொன்னதாகச் சொன்னார்."

ஒட்டியெனோ அன்றிரவு இலங்கை ரயிலில் போனார். சில மாதம் கழித்து அவரை அவர் நாட்டில் மறுபடி பிடித்துச் சிறையில் போட்டார்கள் என்று பேப்பரின் மூலையில் இரண்டு வரி வந்தது. சாட்சி சொல்ல ஊரில் மிச்சம் இருந்தவர்கள் முன்வரிசைக்காரர்கள்தான்.

மறுநாள் பத்திரிகைகளில் அச்சடித்த உரை அப்படியே வந்தது. அதில் சுவரும் இல்லை, சாப்பாடும் இல்லை. பள்ளியில் விசாரணை வைத்தார்கள். விருந்தாளியின் பேச்சைத் திரித்து நகரத்துக்கு அவப்பெயர் தேடித்தந்ததாகக் குற்றச்சாட்டு. தாளாளர் நல்ல மாதிரியாகவே பேசினார். "கூட்டத்துல எத்தனையோ இங்கிலீஷ் படிச்சவங்க இருந்தாங்க. ஒருத்தர் வந்து, நீங்க சொன்னதுதான் சரின்னு சொல்லட்டும். இந்த விஷயத்த இத்தோட விட்டுடறேன். இல்லேன்னா, உணர்ச்சிவசப்பட்டு நானா சேத்துச் சொல்லிட்டேன்னு எழுதிக் குடுத்துடுங்க. அப்பவும் விட்டுடறேன்."

ஒருத்தர். அற்புதசாமி வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒரு டாக்டர், அன்று தனக்குக் காதடைப்பு என்றார். ஒரு வக்கீல், ரெங்கநாதன் முகத்தில் தினமும் கோர்ட்டில் விழிக்க வேண்டியிருக்கிறது என்றார். ஒரு கல்லூரி ஆசிரியர், உலக அமைதி மிக நுட்பமான கட்டத்தில் இருக்கும்போது இதைப் பெரிதுபடுத்தலாமா என்று கேட்டார். சமாதானத்துக்காக உலகமெங்கும் மக்கள் கழுத்தைக் கொடுக்கிறார்கள். இங்கே அதன் பெயரைச் சொல்லி ஒருவன் கழுத்தை அறுக்க முடிகிறது.

கடைசியில் பிலோமின்ராஜே அவர் வீட்டுக்கு வந்தார். அற்புதசாமியின் மனைவி பாக்கியமேரி காபி கொண்டுவந்து வைத்தார்.

"எழுதிக் குடுத்துடு, அற்புதம். ஒரு வரிதானே. யாரும் அதக் கல்வெட்டுல பொறிக்கப் போறதில்ல."

"நீ ஏண்டா சொல்லல?"

"எங்கப்பா கல்லறைய ஊரே சிரிக்கிற மாதிரி மேடையில இழுத்துவச்சுப் பேசினாரு. நான் என்ன பண்ணச் சொல்ற? எங்க அண்ணன், சித்தப்பா எல்லாரும் நாலாவது வரிசையில உக்காந்திருந்தாங்க."

"எங்கப்பாவும் அந்தக் கல்லறையிலதான் இருக்காரு."

பிலோமின்ராஜ் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிங்க தம்பி" என்றார் பாக்கியமேரி. "எங்க வீட்டு டம்ளர்தான். கழுவித்தான் வச்சிருக்கேன்."

பிலோமின்ராஜ் குடித்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும், அவர் அந்த வீட்டில் எப்போதும் குடிப்பவர். நான்கு சுவருக்குள் அவர் எல்லாமும் செய்வார்.

அவர் போனபிறகு பாக்கியமேரி கணவரிடம் கேட்டார். "எழுதிக் குடுக்கப் போறீங்களா?"

"குடுத்தா வேலை இருக்கும்."

"குடுத்தா அந்தக் கறுப்பு மனுசன் சொன்னது பொய்யாயிடும். நீங்க பொய் சொன்னீங்கங்கிறது நம்ம வீட்டுக் கஷ்டம். அவரு சொல்லவேயில்லங்கிறது அப்படியா? ஜெயில்ல கெடந்த மனுசனாம்ல." காலி டம்ளரை எடுத்துக்கொண்டே, "அரிசிக்கு நான் எங்க அண்ணனுக்குச் சொல்லி வுடுறேன்" என்றார். மணப்பாறையில் மாட்டுத் தரகு செய்துகொண்டிருந்த அண்ணன் அவர்.

அற்புதசாமி எழுதிக் கொடுக்கவில்லை. பள்ளியிலிருந்து அனுப்பினார்கள். வேறு பள்ளிகள் கேட்ட முதல் கேள்வி, "அந்த மைதானத்து ஆள்தானே நீங்க?" தெப்பக்குளம் பக்கம் ஒரு டுடோரியலில் எஸ்.எஸ்.எல்.சி. தோற்ற பையன்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். அந்த மைதானத்தில் பொய் சொன்னவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் ஒன்றுமே சொல்லவில்லை. வரலாற்றைப் படித்துப் பாருங்கள், பெரிய அக்கிரமங்களுக்கு வேண்டிய ஆள்கணக்கு எப்போதும் இதுதான்.

1962இல் சீனா எல்லையைத் தாண்டி வந்தது. ரெங்கநாதன் சங்கத்தின் பழைய சீன நட்புத் தீர்மானங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு மேடை மேடையாகப் பேசினார். அவர் அதிகம் பயன்படுத்திய சொல் நம்பிக்கைத் துரோகம். "தோளில் கைபோட்ட நண்பன் முதுகில் குத்திவிட்டான்" என்று கண்கலங்கினார். உண்மையாகவே கலங்கினார் என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள்.

அடுத்த ஆண்டு தை மாதத்தில் மேற்கு நாடு ஒன்றின் பார்லிமெண்ட் உறுப்பினர் வருவதாக இருந்தது. ரெங்கநாதனும் பிலோமின்ராஜும் ஒன்றாக அற்புதசாமி வீட்டுக்கு வந்தார்கள். வக்கீல் அந்தத் தெருவுக்குள் வந்தது அதுவே முதல் தடவை.

"பழசையெல்லாம் மறந்துடும், மாஸ்டர்" என்றார் ரெங்கநாதன். "தேசத்துக்கு ஆபத்து வந்திருக்கு. இவர் பேசறதை ஒரு சொல் பிசகாம ஜனங்ககிட்ட சேர்க்கணும். அதுக்கு உம்மை விட்டா இந்த ஜில்லாவுல ஆள் கிடையாது. நான் எப்பவும் சொல்றதுதானே."

"எங்க சொன்னீங்க, வக்கீல் சார்?"

"என்ன?"

"எனக்கு ஈடா ஆள் இல்லன்னு எப்பவும் சொல்றதாச் சொல்றீங்க. எந்த மைக்ல சொன்னீங்க?"

ரெங்கநாதன் பிலோமின்ராஜைப் பார்த்தார்.

"நான் வர்றேன்" என்றார் அற்புதசாமி. "கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னால, அதே மைதானத்துல, ப்ரொபசர் சார் ஒரு வாக்கியம் சொல்லணும். அன்னிக்கு அவர் சொன்னது, நான் மொழிபெயர்த்தது, ரெண்டும் ஒண்ணுதான்னு. அத்தோட நான் மைக்குக்கு வந்துடறேன்."

"இப்ப எதுக்குடா அது?" என்றார் பிலோமின்ராஜ். வக்கீல் இருக்கிறார் என்பதை மறந்து வாடா போடாவுக்கு வந்துவிட்டார். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எல்லாருக்கும் தெரிஞ்சதச் சொல்றதுக்கு ஏண்டா உனக்கு நாக்கு எழமாட்டேங்குது?"

இருவரும் எழுந்து போனார்கள்.

கூட்டம் நடந்தது. இரண்டாவது மைக்கில் பிலோமின்ராஜ் நின்றார். அற்புதசாமி கூட்டத்தின் பின்பக்கம், பொன்மலைக்காரர்கள் நடுவே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பார்லிமெண்ட் உறுப்பினர் பாராட்டுகளை அடுக்கித்தான் பேசினார். நடுவில் ஒன்று சொன்னார். "ஹங்கேரியில் ரஷ்ய டாங்கிகள் நுழைந்தபோது உங்கள் அரசாங்கம் வார்த்தைகளை அளந்து அளந்து பேசியது. இன்று உங்கள் எல்லையில் சீனப் படை நிற்கும்போது நாங்கள் அளந்து பேசக்கூடாது என்கிறீர்கள். உதவி செய்வோம். ஆனால் இதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும்."

பிலோமின்ராஜ் சொன்னார்: "ஹங்கேரி போன்ற சிறிய நாடுகளுக்காகவும் குரல் கொடுத்த இந்தியாவின் பக்கம் தம் நாடு உறுதியாக நிற்கும் என்கிறார்." பெரிய கைதட்டல்.

"அவரு அப்படிச் சொல்லல" என்றார் அற்புதசாமி. உரக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றிருந்த ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் ஒருவருக்குக் கேட்டது. அவர் பெயர் ஆண்டி.

"ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப என்னதான் சொன்னாரு?"

அற்புதசாமி சொன்னார். ஆண்டி பக்கத்திலிருந்தவரை இழுத்தார். "இங்க வாப்பா, இந்த ஆளு வேற மாதிரி சொல்றாரு." ஏழெட்டுப் பேர் நெருங்கி வந்து நின்றார்கள். மேடையிலிருந்து ஒரு வாக்கியம் வரும். அற்புதசாமி தாழ்ந்த குரலில் அதைத் தமிழில் சொல்வார். பிறகு ஒலிபெருக்கியில் பிலோமின்ராஜின் தமிழ் வரும். இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கேட்டு அந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். ஒருவர், "ப்ரொபசரு நல்லா ஜவுளிக்கடை வச்சிருக்காருய்யா, எதக் குடுத்தாலும் பட்டுல சுத்தித் தர்றாரு" என்றார். அற்புதசாமியும் சிரித்தார். மேடையேறாமல் போன ஐந்து ஆண்டில் அவர் அப்படிச் சிரித்ததில்லையாம்.

அப்போது ஆண்டி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஏங்க, நீங்க அந்த மாஸ்டர்தானே? ஆப்பிரிக்காக்காரரு வந்தப்ப செவுத்தப் பத்திச் சொன்னீங்களே?"

"ஆமா."

"அப்ப அன்னிக்கு அவரு சொன்னதும் நெசந்தானா? செவுத்தச் சொன்னதும், சாப்பாட்டச் சொன்னதும்?"

"எல்லாம் நெசம். இப்ப எப்படிச் சொல்றேனோ அப்படித்தான் அன்னிக்கும் சொன்னேன்."

ஏழெட்டுப் பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் காத்திருந்தார். தான் அன்று சொன்னது கட்டுக்கதை இல்லை என்று ஊரில் யாராவது ஒருவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்பதற்காக அவர் அத்தனை ஆண்டுகள் காத்திருந்தவர். இவர்கள் வக்கீலின் சிநேகிதர்கள் அல்ல. நான்காவது வரிசைச் சொந்தக்காரர்கள் அல்ல. காலையில் இரும்பு அடித்துவிட்டு வந்தவர்கள், அவருடைய அப்பாவைப் போல. சற்று முன் அவரோடு சேர்ந்து சிரித்தவர்கள்.

 ஜவுளிக்கடை என்று சொன்னவர் தலையைத் திருப்பி மேடையைப் பார்த்தார். இரண்டு பேர் மெதுவாக நகர்ந்து வேறு பக்கம் போய் நின்றார்கள்.

"சரி, அத விடுங்க மாஸ்டர்" என்றார் ஆண்டி. கோபமாகச் சொல்லவில்லை, மரியாதையாகவே சொன்னார். "அது நம்ம ஊரு சமாசாரம். இவரு சீனாக்காரனப் பத்தி என்னமோ சொல்றாரு பாருங்க, அதச் சொல்லுங்க."

மேடையில் பார்லிமெண்ட் உறுப்பினர் அடுத்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அற்புதசாமி அதைக் கேட்டார், ஒரு சொல் விடாமல் அவருக்குப் புரிந்தது. அதை அவர் சொல்லவில்லை. அவர் வாழ்நாளில் மொழிபெயர்க்காமல் விட்ட வாக்கியம் அது ஒன்றுதான் என்று என்னிடம் சொன்னார். அது என்ன வாக்கியம் என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார்.

அதற்கடுத்த வாக்கியத்திலிருந்து தொடர்ந்து சொன்னார். மிச்சமிருந்த ஐந்தாறு பேர் கூட்டம் முடியும்வரை காதைச் சாய்த்துக் கேட்டார்கள்.